துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு... சுடத்தான் இல்லை!

நான் என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் துப்பாக்கி பிடித்திருக்கிறேன். கல்லூரியில் என்.சி.சி.யில் இருந்தபோது, பாயின்ட் டூ டூ ரைஃபிள். ஐந்து ரவை கொடுத்தார்கள். ஐந்தையும் சுட்டேன். என் அட்டையில் ஒரு ஓட்டைகூட இல்லை. பக்கத்தில் படுத்திருந்தவன் அட்டையில் ஏழு ஓட்டைகள்! அவனுக்குக் கப் கொடுத்தார்கள். எனக்கு மைதானத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு கொடுத்தார்கள்.

இப்பேர்ப்பட்ட வீரனிடம் ஒருவர் வந்து துப்பாக்கிச் சட்டத்தைப் பற்றி யோசனை கேட்டார் என்றால் நம்புவீர்களா? கேட்டார். இடம்: தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டு. காலம்: 2019 டிசம்பர்.

சிட்லபாக்கத்திலிருந்து ஆபீஸ் போகிற எல்லோரையும் போல நானும் எட்டேகால் லோக்கலுக்கு ஓடிக்கொண்டிருந்தேன். கையில் மடித்த பேப்பர். படிக்கட்டில் பாசிமணி, ஊசி, சேஃப்டி பின் எல்லாம் பரப்பி உட்கார்ந்திருந்த நரிக்குறவர் பெரியவர் ஒருவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். அந்தப் பேப்பர்ல துப்பாக்கி படம் போட்டிருக்கே... என்ன போட்டிருக்கான்?"

நான் ஒரு நொடி தயங்கினேன். அவர் சிரித்துவிட்டார்.

"என்ன சார், சாமீன்னு கூப்பிடுவேன்னு பாத்தீங்களா? அது சினிமாவுல. எம்.ஜி.ஆர். எங்க வேஷத்துல ஆடினாரே, அதுலேர்ந்து எல்லாரும் எங்களை அப்படியே பேசச் சொல்றாங்க."

ஒளிவிளக்கு வந்தது 1968-ல். அரை நூற்றாண்டாகியும் அந்த வேஷத்தை நாம் இன்னும் கலைக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. எட்டேகாலை விட்டுவிட்டு உட்கார்ந்து படித்துக் காட்டினேன்.

மத்திய அரசு ஆயுதச் சட்டத்தைத் திருத்தப் போகிறது. ஓர் ஆள் மூன்று துப்பாக்கி வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருந்ததை ஒன்றாகக் குறைக்க மசோதா. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் தண்டனை கூடும். இதுதான் செய்தி.

பெரியவர் முகம் சுருங்கிப் போயிற்று.

"ஒண்ணா? டீக்கடையில ஒருத்தர் எல்லாத்தையும் பிடுங்கப் போறாங்கன்னு சொன்னாரு. என்கிட்ட இருக்கறதே ஒண்ணுதான் சார். அப்பா வெச்சிருந்தது. லைசென்ஸ் இருக்கு."

சட்டைப் பைக்குள் கையை விட்டுப் பாலிதீன் கவர் ஒன்றை எடுத்தார். அதற்குள் இன்னொரு கவர். அதற்குள் ஒரு துணி. அதற்குள் லைசென்ஸ் புத்தகம். என் பி.எஃப். பேப்பரைக்கூட நான் அப்படிப் பாதுகாத்ததில்லை.

* * *

அந்த முகத்தை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. ரயிலில் ஏறிக் குரோம்பேட்டை தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.

எண்பதுகளில் சிட்லபாக்கம் இப்படி இல்லை. (என் வயதைக் கணக்குப் போடாதீர்கள்!) ஏரியைச் சுற்றி வயல். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் தண்ணீர் தெரியும். கார்த்திகை, மார்கழியில் சாயங்காலம் நாலைந்து பேர் தோளில் நீளத் துப்பாக்கியும் கையில் சுருக்குப் பையுமாக ஏரிக்கரையில் போவார்கள். நாங்கள் பையன்கள் எல்லாம் பின்னாலேயே போவோம்.

அந்தத் துப்பாக்கியை 'லோடு' பண்ணுவதே ஒரு வேடிக்கை. குழாயின் வாய் வழியாகக் கருமருந்தைக் கொட்ட வேண்டும். மேலே நார் வைத்து நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். அப்புறம் ஈய ரவை. அதற்கு மேல் இன்னொரு அடைப்பு. கடைசியில் தீபாவளிக் கேப் மாதிரி ஒரு கேப்பைக் குதிரைக்குக் கீழே பொருத்த வேண்டும். இத்தனையும் ஒரே ஒரு வெடிக்கு! அதற்குள் முட்டாள் கொக்குகூட வேடந்தாங்கல் போய்ச் சேர்ந்துவிடும் என்று நினைப்போம். ஆனால் அவர்கள் கூட்டத்தில் ஒருவர், உயரமாக இருப்பார், கையை வாயருகே குவித்துக் கவுதாரி மாதிரி கூப்பிடுவார். புதருக்குள்ளிருந்து நிஜக் கவுதாரி பதில் சொல்லும்! நாங்கள் வாயைப் பிளந்து நிற்போம்.

அந்த உயரமானவர்தான் இந்தப் பெரியவர். மறுநாள் கேட்டபோது ஒப்புக்கொண்டார்.

ஒரு உண்மையையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீடு சைவம். ஆனால் எதிர்வீட்டில் வாங்குவார்கள். எதிர்வீட்டுப் பையன் என் கிளாஸ்மேட். மீதியை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகிறேன். என் அம்மா இந்தப் பத்திரிகையைப் படிப்பாள்.

* * *

பெரியவருடைய லைசென்ஸ் அந்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிக்கப் போன இடத்தில் ஏதோ பேப்பர் கேட்கிறார்களாம். "நீங்க படிச்சவரு, கூட வந்து ஒரு வார்த்தை கேளுங்க சார்" என்றார். அரைநாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். ஆபீஸில் காரணம் கேட்டார்கள். "துப்பாக்கி லைசென்ஸ் விஷயமா..." என்றேன். அன்றைக்கு லீவு சாங்ஷன் ஆன வேகம் இருக்கிறதே! என் சர்வீஸிலேயே அப்படி ஆனதில்லை.

எந்த அலுவலகம் என்று சொல்லப் போவதில்லை. மின்விசிறி சுற்றாமல் சத்தம் மட்டும் போடுகிற அலுவலகம். அங்கே இருந்தவர் பொறுமையாகத்தான் கேட்டார்:

"பயிர்ப் பாதுகாப்புக்குன்னு வாங்கின லைசென்ஸ் இது. உங்க பேர்ல நிலம் எவ்வளவு இருக்கு?"

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

விஷயம் இதுதான். 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தில் 13-வது பிரிவில் ஒரு சலுகை இருக்கிறது. குழாய் வாய் வழியாக மருந்து அடைக்கிற துப்பாக்கியை நியாயமான பயிர்ப் பாதுகாப்புக்காகக் கேட்டால் லைசென்ஸ் கொடுக்கலாம் என்று அது சொல்கிறது. நிலம் இருக்கிறவனுக்கு அது வசதி. நிலமே இல்லாமல் ஊர் ஊராகப் போய் அடுத்தவன் பயிரை எலியிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் காப்பாற்றிக் கூலி வாங்கினவர் என்ன செய்வார்?

"சார், பயிர் அவங்களுது... பாதுகாப்பு என்னுது!" என்றார் பெரியவர்.

எதிரே இருந்தவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு விவசாயியிடமிருந்து கடிதம் வாங்கி வரச் சொன்னார். இரண்டு மூன்று நடையில் வேலை முடிந்தது. அதற்குள் சட்டமும் மாறிவிட்டது.

* * *

டெல்லியில் நடந்த கதையைக் கொஞ்சம் பார்க்கலாம். 'ஒருவருக்கு ஒன்று' என்ற மசோதாவுக்கு நாடெங்கும் முணுமுணுப்பு. தாத்தா துப்பாக்கி, அப்பா துப்பாக்கி, தன் துப்பாக்கி என்று மூன்று வைத்திருக்கிற குடும்பங்கள் வடக்கே ஏராளம். அப்போது பஞ்சாப் முதல்வராக இருந்த கேப்டன் அம்ரிந்தர் சிங், குறைக்க வேண்டாம் என்று உள்துறை அமைச்சருக்கே கடிதம் எழுதினார். கடைசியில் மூன்றும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், நம் ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி, இரண்டில் வந்து நின்றது. 2019 டிசம்பர் 14 முதல் அமல். மூன்றாவது துப்பாக்கி வைத்திருந்தவர்கள் ஒரு வருஷத்துக்குள் ஒப்படைக்க வேண்டும். லைசென்ஸ் காலம் மூன்று வருஷத்திலிருந்து ஐந்தாயிற்று. கல்யாண ஊர்வலத்தில் வானத்தைப் பார்த்துச் சுடுகிற மாப்பிள்ளைத் தோழர்களுக்கு, ஆபத்து உண்டாக்கினால் இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும்.

ஒரே ஒரு துப்பாக்கி வைத்திருந்த நம் பெரியவருக்கு இதெல்லாம் லாபம்தான். ஐந்து வருஷத்துக்கு அலைச்சல் இல்லை. ஆனால் இன்னொரு வரி இருந்தது. லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் முன்பு குறைந்தபட்சம் ஒரு வருஷம், அதிகபட்சம் மூன்று. புதுச் சட்டத்தில் குறைந்தபட்சமே இரண்டு வருஷம், அதிகபட்சம் ஐந்து.

இதைப் படித்துக் காட்டியதும் பெரியவர் பேசவில்லை. பாசிமணிகளை எடுத்து ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வைத்தார். ரொம்ப நேரம் கழித்துச் சொன்னார்:

"என் மாப்பிள்ளைகிட்ட ஒண்ணு இருக்கு சார். அவங்கப்பா செத்து நாலு வருஷம் ஆச்சு. லைசென்ஸ் அவங்கப்பா பேர்ல."

அப்பா இறந்தால் வீடு மகனுக்கு வரும். கடன் வரும். துப்பாக்கி வராது! லைசென்ஸ்காரர் இறந்த நிமிஷத்திலிருந்து அதை வைத்திருக்க யாருக்கும் உரிமை இல்லை. தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் உள்ள டீலரிடமோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்க வேண்டும். 2016-ம் வருஷத்து ஆயுத விதிகளில் வாரிசுக்கு வழியும் இருக்கிறது. உயிரோடு இருக்கும்போதே, எழுபது வயதானாலோ, இருபத்தைந்து வருஷம் துப்பாக்கி வைத்திருந்தாலோ, வாரிசுக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாம். எத்தனை பேருக்குத் தெரியும் இது? எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

"இப்பப் போய்க் குடுத்தா, நாலு வருஷமா ஏன் வெச்சிருந்தேன்னு உள்ளே போட மாட்டாங்களா?"

நியாயமான கேள்வி. கொடுத்தாலும் பயம், கொடுக்காவிட்டாலும் பயம். மாப்பிள்ளைக்கு இரண்டு சின்னக் குழந்தைகள். மனைவி நிறைமாதம். இரண்டு வருஷம் ஜெயில் என்பது எனக்குப் பேப்பரில் ஒரு வரி. அவர்களுக்கு அது அடுப்பு எரியுமா எரியாதா என்கிற விஷயம்.

என் ரயில் சிநேகிதர்களில் ஒருவர் வக்கீல். பீஸ் வாங்காதவர் (எங்களிடம்!). விஷயத்தைச் சொன்னேன். முறையாக ஒரு மனு எழுதி, அப்பாவின் இறப்புச் சான்றிதழை இணைத்து, மாப்பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைக்க வைத்தார். அன்றைக்கு மத்தியானம் வரை பெரியவர் ஸ்டேஷன் படிக்கட்டில் கடை விரிக்கவில்லை. நான் ஆபீஸில் வரவு-செலவைத் தப்பாகப் போட்டுத் திட்டு வாங்கினேன். மூன்று மணிக்கு வக்கீலிடமிருந்து போன்: "ரசீது குடுத்துட்டாங்க. பையன் வீட்டுக்குப் போயாச்சு."

அன்று சாயங்காலம் பெரியவர் என் மனைவிக்கு ஒரு பவளப்பாசி மாலை கொடுத்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "ஏங்க, இத்தனை வருஷத்துல நீங்க வாங்கித் தராததை யாரோ தர்றாங்க" என்றாள் இவள்.

* * *

சரி, லைசென்ஸ் இருக்கிறது. எதைச் சுடலாம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடப் போய்த்தான் எனக்குத் தலை சுற்றியது. வெள்ளைக்காரன் 1878-ல் கொண்டுவந்த ஆயுதச் சட்டம், யார் துப்பாக்கி வைத்திருக்கலாம் என்று பார்த்தது. வெள்ளைக்காரனுக்கு லைசென்ஸ் வேண்டாம், நமக்கு வேண்டும்! 1972-ல் வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், எதைச் சுடலாம் என்று பார்த்தது. ஆரம்பத்தில் சில்லறை வேட்டைக்கு லைசென்ஸ் உண்டு. 1991-ல் திருத்தம் வந்து வேட்டையையே ஒட்டுமொத்தமாக நிறுத்திவிட்டார்கள். விட்டுவைத்தது ஐந்தாவது பட்டியலை மட்டும்: காக்காய், எலி, சுண்டெலி, பழந்தின்னி வௌவால்.

ஆக, காக்காய் ஒன்றுதான் சட்டபூர்வமான வேட்டை. 'ரன்' படத்தில் விவேக் சாப்பிட்ட பிரியாணியை நினைத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த திருத்தத்தில் அந்த ஐந்தாவது பட்டியலும் போய்விட்டது.

"அதாவது துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருக்கு, சுடத்தான் லைசென்ஸ் இல்லை" என்றேன்.

"கல்யாணம் பண்ணி வெச்சுட்டுப் பேசக்கூடாதுன்னா எப்படி சார்?" என்றார் பெரியவர்.

நம் பக்கத்து மாநிலத்தில் குடகுக்காரர்களைப் பாருங்கள். அந்தச் சமூகத்தாருக்கும் ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸே வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்துச் சலுகை. 2019-ல் இதை இன்னும் பத்து வருஷத்துக்கு, 2029 வரை நீட்டித்தது மத்திய அரசு. கைல்பொழுது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூ வைத்துக் கும்பிடுகிறார்கள். ஜெனரல் கரியப்பாவும் திம்மையாவும் பிறந்த ஊர், சரி. ஆனால் அங்கேயும் காட்டு மிருகத்தைச் சுட்டால் குற்றம் குற்றம்தான்.

"அவங்களுக்கு மட்டும் ஏன் சார் லைசென்ஸ் வேணாம்? வேட்டைன்னா எங்க ஆளுங்க இல்லையா?"

இந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நிலமும் பட்டாளமும் வரலாறாக எழுதப்பட்டிருக்கிறது. தெருவோரம் படுப்பவன் வரலாற்றை யார் எழுதினார்கள்?

* * *

இன்னொரு பக்கத்தையும் கேட்க வேண்டும் இல்லையா? என் சித்தப்பா கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காட்டை ஒட்டி நிலக்கடலை போடுகிறார். சிங்கிள் பேரல் வைத்திருக்கிறார். பொங்கலுக்குப் போனபோது பேச்சுக் கொடுத்தேன்.

"வாடா பட்டணத்து மாப்பிள்ளை! நீ ஏரிக் கொக்கைப் பாத்து போட்டோ எடுப்பே. இங்க ஒரு ராத்திரி பன்னி இறங்கினா ஒரு ஏக்கர் காலி. நான் துப்பாக்கியை மாட்டி வெச்சுட்டு டின்னைத் தட்டறேன்."

"சுட்டதே இல்லையா சித்தப்பா?"

"வானத்தைப் பாத்துச் சுட்டிருக்கேன். பன்னிக்கும் அது பழகிப் போச்சு."

கேரளத்தில் 2022-ல் உள்ளாட்சித் தலைவர்களுக்கே அதிகாரம் கொடுத்து, லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருப்பவர்களைக் கொண்டு பயிரை அழிக்கும் காட்டுப்பன்றிகளைச் சுட அனுமதித்தார்கள். நம் தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் சட்டசபையில் அறிவித்த முறை வேறு. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றி வந்தால் சுடக்கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் என்றால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றைத் தாண்டினால் வனத்துறை சுடும், விவசாயி இல்லை.

"பன்னி மைல்கல்லைப் படிச்சுட்டாடா வரும்?" என்றார் சித்தப்பா.

ஆனால் அவரே இன்னொன்றும் சொன்னார். "துப்பாக்கியை விடு. அவுட்டுக்காய் வைக்கிறானுங்களே, அதுதான் பாவம்." பழத்துக்குள், தீனிக்குள் வெடி மருந்தை மறைத்து வைக்கிற வேலை. கடித்தால் வாய் சிதறும். பன்றிக்கு வைத்ததை மாடு கடிக்கும், யானை கடிக்கும். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தில் கர்ப்பிணி யானை ஒன்று ஆற்றுத் தண்ணீருக்குள் நின்றபடியே உயிர்விட்டதே, நாடே அழுதது, அதுவும் வெடி வைத்த தீனியால்தான். லைசென்ஸ் துப்பாக்கிக்கு நம்பர் உண்டு, பெயர் உண்டு, விலாசம் உண்டு. அவுட்டுக்காய்க்கு என்ன இருக்கிறது?

* * *

இப்படியெல்லாம் எழுதுவதால் நான் துப்பாக்கிக் கட்சி என்று நினைத்துவிடாதீர்கள். கட்டுப்பாடு வேண்டாம் என்று எந்தப் புத்தியுள்ளவன் சொல்வான்? இருட்டில் புதர் அசைந்தது, பன்றி என்று சுட்டேன், போய்ப் பார்த்தால் மனிதன் என்று எத்தனை செய்திகள் படிக்கிறோம்!

ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் ஒருவன் 35 பேரைச் சுட்டுக் கொன்றான். சில வாரங்களுக்குள் அந்த நாட்டுப் பிரதமர் ஜான் ஹோவர்ட் கடும் சட்டத்துக்கு மாநிலங்களை ஒப்புக்கொள்ள வைத்து, ஆறு லட்சத்துக்கு மேல் துப்பாக்கிகளை மக்களிடமிருந்து காசு கொடுத்து வாங்கி அழித்தார். வேட்டைக்காரர்களும் விவசாயிகளும் கொதித்தார்கள். அவர்கள் கூட்டத்துக்கே நேரில் போய்ப் பேசினார் மனிதர். கோட்டுக்குள் குண்டு துளைக்காத கவசம் போட்டுக்கொண்டு! அது வெளியே தெரிந்துவிட்டது. அப்புறம் அவரே அதைப் போட்டது தப்பு என்று சொன்னார்.

அவ்வளவு தூரம் ஏன்? நம் செங்கல்பட்டு மாவட்டத்திலேயே வேடந்தாங்கல் இருக்கிறது. 1790-களில் அங்கே வந்த பட்டாளத்துக்காரர்கள் ஏரியில் பறவைகளைச் சுட்டுத் தள்ளினார்கள். ஊர்க்காரர்கள் கலெக்டர் லயோனல் பிளேஸிடம் போய் முறையிட்டார்கள். பறவைகளின் எச்சம் விழுந்த தண்ணீர் அவர்கள் வயலுக்கு உரம். 'இங்கே யாரும் சுடக்கூடாது' என்று எழுதி வாங்கி வந்தார்கள். துப்பாக்கிக் கட்டுப்பாட்டை இருநூறு வருஷத்துக்கு முன்பே மனு கொடுத்து வாங்கின கிராமம் உலகத்தில் எத்தனை இருக்கும்?

வேட்டைக்காரர்களே வேட்டைக்கு வேலி போட்ட கதையும் நம்மிடம் உண்டு. நீலகிரியில் வரையாடுகளைச் சுட்டுச் சுட்டுத் தீர்ந்துவிடும் போலிருந்ததால், 1877-ல் வேட்டைக்கார துரைமார்களே ஒரு சங்கம் வைத்தார்கள். 1879-ல் சட்டமும் வந்தது. இன்றைக்கு அங்கே வரையாடு மிச்சம் இருப்பதில் அதற்கும் பங்கு உண்டு.

இதைப் பெரியவரிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்.

"நாங்களும் முட்டை வெச்சிருக்கற கவுதாரியைத் தொட மாட்டோம் சார். அடுத்த வருஷம் எதைப் பிடிக்கறது? ஆனா ஒண்ணு சொல்லுங்க. இந்தச் சிட்லபாக்கம் ஏரியில பறவை கொறைஞ்சது என் துப்பாக்கியாலயா? கரையை மூடி வீடு கட்டினது யாரு? சாக்கடையை விட்டது யாரு? பள்ளிக்கரணையில குப்பையைக் கொட்டினது நானா?"

என் வீடு இருக்கிற மனை எண்பதுகளில் தண்ணீர் நின்ற இடம். நான் பேசாமல் இருந்தேன்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை 2022-ல் ராம்சார் பட்டியலில் சேர்த்தார்கள். நல்ல விஷயம். எங்கள் ஏரியையும் தூர்வாரிக் கரை கட்டினார்கள். காலையில் வாக்கிங் போனால் நாமக்கோழி நீந்துகிறது. தொப்பையும் துண்டுமாக நாங்கள் சுற்றி வருகிறோம். சுட்டுப் பறவையைக் கொன்றவரை ஜெயிலில் போடச் சட்டம் இருக்கிறது. மண்ணைக் கொட்டிப் பறவையைக் கொன்ற எங்களுக்கு வீட்டு லோன் கொடுத்தார்கள்.

* * *

பெரியவரோடு பழக்கம் தொடர்ந்தது. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். "எல்லாரும் எலெக்ஷன்ல ஏதாவது வாங்குவாங்க. நான் மட்டும் குடுத்துட்டு ரசீது வாங்கறேன்!" என்பார். 2021, 2022, 2024... மூன்று தேர்தலுக்கும் கொடுத்தார்.

நடுவில் சில நல்ல காரியங்களும் நடந்தன. 2021 தீபாவளி அன்று முதல்வர் மு.க.ஸ்டாலின் மாமல்லபுரம் பக்கத்தில் பூஞ்சேரிக்கே போய் நரிக்குறவர், இருளர் குடும்பங்களுக்குப் பட்டாக்களும் சான்றிதழ்களும் கொடுத்தார். 2022 டிசம்பரில் நாடாளுமன்றம் நரிக்குறவர், குருவிக்காரர்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதாவை நிறைவேற்றியது. லோகூர் கமிட்டி இதைச் சிபாரிசு செய்தது 1965-ல்! ஐம்பத்தேழு வருஷம். குழாய்த் துப்பாக்கிக்கு மருந்து அடைக்கிற நேரத்தைவிடக் கொஞ்சம் அதிகம்தான்.

பெரியவரின் பேரன் பிளஸ் டூ முடித்தான். எஸ்.டி. சான்றிதழோடு கல்லூரியில் சேர்ந்தான். அப்பாவின் பாசிமணிப் பெட்டியையும் அவன் தொடுவதில்லை, தாத்தாவின் துப்பாக்கியையும் தொடுவதில்லை.

2024 தேர்தல் முடிந்து, ஒப்படைத்தவர்கள் எல்லோரும் திரும்ப வாங்கிப் போனார்கள். பெரியவர் போகவில்லை. மழை, கால்வலி என்று ஏதோ சொன்னார். 2025 தொடக்கத்தில் லைசென்ஸ் முடியப் போகிற சமயம் என்னைக் கூப்பிட்டார். அதே படிக்கட்டு. அதே பாலிதீன் கவர். இப்போது அதற்குள் இரண்டு காகிதம்: பேரனுடைய சாதிச் சான்றிதழ் நகல், துப்பாக்கி ரசீது.

"எழுபது தாண்டிட்டேன் சார். நீங்கதான் சொன்னீங்க, எழுபது ஆனா வாரிசுக்கு மாத்தலாம்னு. மகன் வேணாங்கறான். பேரன், 'எதுக்கு தாத்தா, காலேஜ்ல தெரிஞ்சா கேலி பண்ணுவாங்க'ங்கறான். என்ன பண்ணட்டும்?"

நான் பதில் யோசித்தேன். புதுப்பித்தால் எதையும் சுட முடியாது. புதுப்பிக்காவிட்டால் அப்பாவின் கை பட்ட ஒரே பொருள் போய்விடும். சட்டப் புத்தகத்தில் இதற்குப் பிரிவு இல்லை.

"உங்களுக்கு என்ன தோணுது ஐயா?"

"எங்கப்பா சாகும்போது இதைக் கையில குடுத்து, 'பசிக்காது'ன்னார். நெஜந்தான், பசிக்கல. இப்ப இவனுக்கு இந்தக் காகிதம் பசிக்காம பாத்துக்கும்." சான்றிதழைத் தொட்டுக் காட்டினார். பிறகு ரசீதை எடுத்து என்னிடம் நீட்டினார். "திருப்பித் தர வேணாம்னு எழுதிக் குடுங்க சார். கையெழுத்துப் போடறேன்."

எழுதினேன். நாலே வரி. என் கையெழுத்து அன்றைக்குக் கோணலாக வந்தது. அவருடையது நேராக இருந்தது.

ரயில் வருவதாக அறிவித்தார்கள். "அந்தக் கவுதாரிச் சத்தம் இன்னும் வருமா?" என்று கேட்டேன். சும்மாதான் கேட்டேன். பெரியவர் சுற்றிலும் பார்த்தார். கையைக் குவித்து வாயருகே வைத்தார். முதல் தடவை இருமல் வந்தது. இரண்டாம் தடவை அப்படியே வந்தது. எண்பதுகளின் ஏரிக்கரைச் சத்தம்!

பதில் சொல்லப் புதரும் இல்லை, கவுதாரியும் இல்லை. படியேறிக்கொண்டிருந்த நாலைந்து இளைஞர்கள் சட்டென்று நின்று, பாக்கெட்டில் கையை விட்டுத் தங்கள் தங்கள் செல்போனை எடுத்துப் பார்த்தார்கள்.